கார் ஷெட்டுக்கு வந்த கிணறு

ஆனி மாதத்துச் செவ்வாய்க்கிழமை ஒன்றில், பால் பாக்கெட் போடுகிறவன் வந்து போன பிறகு, பேப்பர் போடுகிறவன் வருவதற்கு முன்னால், திருப்பூர் மல்லிகை அடுக்ககத்தின் கார் ஷெட்டுக்கு ஒரு கிணறு வந்து சேர்ந்தது. வந்தது என்றால் யாரும் தோண்டி வந்ததல்ல. விசேஷத்துக்கு வந்த சொந்தக்காரர் பஸ்ஸை விட்டிறங்கி, வீடு இதுதான் என்று தெரிந்ததும் செருப்பை ஓரமாய்க் கழற்றிவிட்டு உட்கார்ந்து விசிறிக்கொள்வாரே, அந்த மாதிரி வந்து உட்கார்ந்திருந்தது. சதுரக் கிணறு, பாறையை வெட்டி எடுத்தது, வடக்குச் சுவரை ஒட்டிப் படி இறங்குவது, கரைக்கு ஓர் ஆள் உயரம் கீழே தண்ணீர் பச்சையாய் நிறைந்து கிடப்பது. அந்த இடத்தில் நின்றிருந்த கார்களும் ஸ்கூட்டர்களும் ஒரு கீறல் படாமல் சுவரோரமாய் ஒதுங்கி, பந்தியில் இடம் விட்டு எழுந்து நிற்கிற பிள்ளைகள் மாதிரி நின்றன.

கிணறு எப்படி வந்தது என்று அங்கே ஒருவரும் கேட்கவில்லை. யாருடைய பார்க்கிங்கில் வந்திருக்கிறது என்றுதான் கேட்டார்கள். சங்கத் தலைவர் ஆறுச்சாமி, தபால் ஆபீசில் இருந்து ரிட்டையர் ஆனவர், லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு டேப் பிடித்து அளந்து, "யாரு எடமும் முழுசாப் போகுல, எல்லாத்து எடமும் கொஞ்சங் கொஞ்சம் போயிருக்குது, அதனால சண்டை போடறதுக்கு யாருக்கும் வழியில்லீங்க" என்று தீர்ப்புச் சொன்னார். வாஸ்து பார்க்கிறவரை யாரோ கூட்டி வந்தார்கள். அவர் காம்பஸைத் தரையில் வைத்துப் பார்த்துவிட்டு, கிணறு சரியான மூலையில்தான் இருக்கிறது, கட்டடந்தான் தப்பான இடத்தில் இருக்கிறது என்று சொல்லிக் காபி குடித்துவிட்டுப் போனார். முதல் மாடி பல்கீஸ் ஒரு குடம் சேந்திக்கொண்டு போய்த் துவரம்பருப்பு வேகவைத்துப் பார்த்து, இரண்டாவது விசிலுக்கே பூவாய் மலர்ந்துவிட்டது என்று மாடி மாடியாய்ச் சொல்ல, மத்தியானத்துக்குள் எல்லா வீட்டுக் குடமும் ஷெட்டில் வந்து நின்றது. போர்வெல் தண்ணீரில் குளித்துக் குளித்து முடி கொட்டிப்போன பெண்கள் தலைக்கு ஊற்றிப் பார்த்தார்கள். ஒருவர் செல்போனை உள்ளே போட்டார். ஒருவர் மீன் இருக்கிறதா என்று பொரி போட்டுப் பார்த்தார், இருந்தது. வெள்ளிக்கிழமை யாரோ கரையில் ஏழு கல்லை நட்டு மஞ்சள் பூசிக் கன்னிமார் என்று கும்பிட, பல்கீஸ் வீட்டுக்காரர் அந்தப் பக்கம் பைக்கை நிறுத்தக் கூடாது என்று தன் பையன்களுக்குச் சொல்லிவைத்தார். அடுத்த வாரம் வருவதற்குள், கிணறு இல்லாமல் அந்த ஷெட் எப்படி இருந்தது என்பதே பலருக்கு மறந்துபோயிற்று.

இரண்டாவது மாடி மயிலாத்தாளுக்கு மட்டும் வேறொரு சங்கதி தெரியும். மயிலாத்தாளுக்கு ஐம்பத்தெட்டு வயது. மகன் தாமோதரன், மருமகள் கோகிலவாணி இரண்டு பேரோடும் இருக்கிறாள். முதல் நாள் குடத்தோடு இறங்கிப் போனவள், கிழக்குச் சுவரில் நாக்கு நீட்டினாற்போலத் துருத்திக்கொண்டிருந்த ஒரு கல்லைப் பார்த்தாள். பார்த்ததும் குடத்தைக் கீழே வைத்துவிட்டு வாயில் கை வைத்துக்கொண்டாள். அது தாராபுரம் பக்கம் அவள் பிறந்த தோட்டத்துக் கிணறு. அந்தத் தோட்டம் கைமாறி, கிணற்றை லாரி லாரியாய் மண் கொட்டி மூடி, மேலே பனியன் கம்பெனி கட்டி எத்தனையோ வருஷமாயிற்று. மண்ணையெல்லாம் எங்கே உதறிவிட்டு வந்ததோ, சுத்தமாய் வந்திருந்தது. அவள் யாரிடமும் சொல்லவில்லை. எங்கள் கிணறு என்று சொன்னால் பார்க்கிங்குக்கு அவள் அல்லவா பதில் சொல்ல வேண்டும்.

அந்தக் கல்லில் நின்றுதான் அவள் குதிப்பாள். குதிக்கும் முன்னால், "கன்னிமாரே, எடங் குடுங்க" என்று தண்ணீரைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு, முட்டியை மடக்கி, கைகளால் காலைக் கட்டிக்கொண்டு, தொப்பென்று விழுந்தால் கரையில் நிற்கிற பசுமாடு வரைக்கும் நனையும். அப்புறம் மூச்சடக்குப் போட்டி. ஒருத்தர் உள்ளே போக, மற்றதெல்லாம் கரையில் நின்று கூச்சல் போட்டு எண்ணும். அந்தக் கூச்சல் தண்ணீருக்குள்ளே தூரத்துத் திருவிழா மாதிரிக் கேட்கும். கேட்கக் கேட்க, இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று இருக்கத் தோன்றும். மயிலாத்தாளை அந்தப் போட்டியில் ஜெயித்தவர் கிடையாது. வயசுக்கு வந்த அன்றைக்கு அவளுடைய அம்மா, "இனி கெணத்துப் பக்கம் கால் வெச்சயோ பார்த்துக்க" என்றாள், அதோடு முடிந்தது. அதற்கப்புறம் தண்ணீர் என்றால் அண்டா, வாளி, மக்கு, பைப்பில் வருகிறதா வரவில்லையா என்கிற கவலை.

இப்போது அவளுக்குப் பெரிதாய்த் துக்கமோ ஏக்கமோ ஒன்றுமில்லை. தெரிந்துகொள்ள வேண்டும் என்றிருந்தது, அவ்வளவுதான். குதித்தால் முட்டி தானாய் மடங்குமா, இல்லை டாக்டர் சொன்ன தேய்மானத்தை நினைத்துக்கொண்டு நடுவானில் யோசிக்குமா? மேல் தண்ணீர் வெதுவெதுப்பாகவும் கீழே போகப்போகப் பல் கிட்டுகிற மாதிரியும் இருக்குமே, அந்தக் கோடு இன்னும் அதே இடத்தில் இருக்குமா? குழம்பு கொதிக்கிற நேரத்தில் அடுப்புக்கு முன்னால் மூச்சை அடக்கிப் பார்த்தாள். கடுகு வெடித்து முடிகிற வரைக்கும் தாங்கியது. சாயங்காலம் விளக்கு வைத்துக் கும்பிடும்போது, "மாரியாத்தா, இந்த வயசுல இது தப்புன்னா எனக்குச் சொல்லிப்போடு, சொல்லாம இருந்தீன்னா சரிங்கறேன்னு எடுத்துக்குவேன்" என்றாள். மாரியாத்தா ஒன்றும் சொல்லவில்லை.

சங்கக் கூட்டத்தில்தான் விவகாரம் வந்தது. பிள்ளைகள் விழுந்துவிட்டால் யார் பொறுப்பு, கிணற்றுக்கு மேலே இரும்புக் கம்பி போட்டு மூடிவிடலாம், வாளி இறங்குகிற அளவுக்கு ஒரு ஓட்டை விட்டால் போதும் என்று முடிவாயிற்று. யோசனை சொன்னதே தாமோதரன்தான். வெல்டிங்காரர் வந்து அளவெடுத்துக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை மாட்டிவிடலாம் என்று சொல்லிப் போனார்.

அன்றைக்குச் சோறு போடும்போது மயிலாத்தாள் மெல்லச் சொன்னாள். "தாமு, கம்பி போடறதுக்குள்ள நான் ஒருக்கா அந்தக் கெணத்துல குதிச்சுக்கறேன் கண்ணு."

தாமோதரனுக்குப் புரை ஏறிவிட்டது. "என்னம்மா பேசறீங்க? என்ன கொறை வெச்சோம் உங்களுக்கு?"

"கொறையெல்லாம் ஒண்ணுமில்லடா. நீச்சலுக்கு."

"நீச்சலா! பொம்பளை கெணத்துல குதிச்சா இந்த ஊர்ல அதுக்கு ஒரே அர்த்தந்தான். மாமியாக்காரி விழுந்தா மருமகளைத்தான் கேப்பாங்க. அவ தலை நிமிர்ந்து வெளிய போக வேண்டாமா?"

கோகிலவாணி ரசச் சட்டியை எடுத்துக்கொண்டு அடுக்களைக்குள் போனாள். கிணறு வந்த நாளில் இருந்து அவள் ஒரு குடம் தண்ணீர்கூட அதில் எடுத்ததில்லை. ஆபீஸுக்குப் போகும்போதும் பின் வாசலைச் சுற்றித்தான் போவாள்.

மயிலாத்தாள் அதோடு விட்டிருப்பாள். அவள் அப்படிப்பட்டவள்தான், வேண்டாம் என்றால் விட்டுவிடுகிறவள். ஆனால் சனிக்கிழமை காலையில் தோசை மாவு உப்பாய்க் கிடந்தது. இவள் போட்டிருக்க மாட்டாள் என்று அவளும், அவள் போட்டிருக்க மாட்டாள் என்று இவளும், இரண்டு பேருமே உப்புப் போட்டிருந்தார்கள். ஆபீஸுக்கு நேரமாகிவிட்ட கோகிலவாணி, "ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்லீங்க அத்தை!" என்று கொஞ்சம் சத்தமாய்ச் சொல்லித் தட்டை வைத்தாள், தட்டு கைதவறிக் கீழே விழுந்து உருண்டு, மூன்று மாடிக்கும் கேட்கிற மாதிரிச் சத்தம் போட்டுவிட்டுத்தான் ஓய்ந்தது. அவ்வளவுதான் சண்டை. அதற்குப் பிறகு இரண்டு பேரும் ஆளுக்கொரு வாழைப்பழம் தின்றார்கள்.

குப்பைக் கூடையைக் கொண்டுபோய்க் கீழே வைக்கப் போன மயிலாத்தாள், திரும்பும்போது கிணற்றைப் பார்த்தாள். வெயில் சாய்வாய் இறங்கி அந்தக் கல்லின் மேல் விழுந்து, கல் ஈரமாய் மினுங்கியது. ஷெட்டில் ஆள் இல்லை. நாளைக்குக் கம்பி. அவள் படியில் இறங்கி, சுவரைப் பிடித்துக்கொண்டு கல்லுக்குப் போனாள். வழி காலுக்குத் தெரிந்திருந்தது. சேலையை இழுத்துக் கால்களுக்கு நடுவே கொடுத்துப் பின்னால் செருகிக்கொண்டாள். "கன்னிமாரே, எடங் குடுங்க" என்றாள்.

முட்டி யோசிக்கவே இல்லை.

தண்ணீர் அவளைத் திறந்து வாங்கிக்கொண்டது. மேலே வெதுவெதுப்பு, அப்புறம் அந்தக் கோடு, அங்கேயேதான் இருந்தது, இடுப்பிலிருந்து கழுத்துக்குக் குளிர் ஏறியது, கண்ணைத் திறந்தாள், பச்சை வெளிச்சம் தூண் தூணாய் இறங்கிக்கொண்டிருந்தது, யாரோ போட்ட செல்போனை ஒரு கெண்டை முகர்ந்து பார்த்துக்கொண்டிருந்தது, சேலை நாலா பக்கமும் பூவாய் விரிந்தது, உடம்பில் கனமென்று ஒன்று இருந்ததே, அது எங்கேயோ கழன்றுவிட்டது, இத்தனை வருஷமும் மாடிப்படியில் தூக்கிக்கொண்டு ஏறியதெல்லாம் யாருடைய உடம்போ என்றிருந்தது. சரி, மூச்சு எவ்வளவு தாங்கும் என்று பார்க்கலாம் என்று அடிப்பாறையைப் பிடித்துக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் மேலே இருந்து கூச்சல் கேட்டது. ஆண் குரல், பெண் குரல், பிள்ளைகள் குரல், எல்லாம் குழைந்து தூரத்துத் திருவிழா மாதிரிக் கேட்டது. எண்ணுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டாள். சந்தோஷம் தாங்காமல், இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று இருந்தாள்.

நெஞ்சு இனி ஆகாது என்றதும் மேலே வந்து முகத்தைத் துடைத்துக்கொண்டு பார்த்தால், அடுக்ககம் மொத்தமும் கரையில் நின்றது. பல்கீஸ் மூன்று சேலையை முடிச்சுப் போட்டுக் கீழே விட்டிருந்தாள். ஆறுச்சாமி பனியனோடு படியில் பாதி இறங்கி, மேலேயும் ஏற முடியாமல் கீழேயும் இறங்க முடியாமல் நின்றார். நீச்சல் தெரியாத தாமோதரன் பேண்ட் சட்டையோடு குதித்து, கடைசிப் படியைக் கட்டிக்கொண்டு இருமிக்கொண்டிருந்தான்.

"எத்தனை வரைக்கும் எண்ணுனீங்க?" என்றாள் மயிலாத்தாள்.

தூக்கி மேலே போட்டார்கள். குப்புறக் கிடத்தி முதுகை அமுக்கினார்கள். தண்ணீர் ஒன்றும் வரவில்லை என்று திருப்பிப் போட்டு மறுபடி அமுக்கினார்கள். "காலைல சட்டி பானையெல்லாம் உருண்டுச்சு, கேட்டேன்" என்றாள் மூன்றாவது மாடி அன்னக்கொடி, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி ரகசியமாய்.

"ஐயோ, நான் ஆசைக்குக் குதிச்சனுங்க! சின்னப்புள்ளைல இருந்தே குதிப்பேன்!"

"பாருங்க, இப்பக்கூட மருமகளைக் காட்டிக் குடுக்க மாட்டேங்குது. தங்கமான மனுசி."

அவள் இல்லை என்று சொல்லச் சொல்ல அவளுடைய புகழ் ஏறிக்கொண்டே போயிற்று. அவளுடைய புகழ் ஏற ஏறக் கோகிலவாணியின் பெயர் இறங்கிக்கொண்டே போயிற்று. சிரித்தால், பாவம் புத்தி கலங்கிவிட்டது என்றார்கள். அழுதால், இப்போதுதான் மனசு திறக்கிறது என்றார்கள். அன்றைக்குச் சாயங்காலத்துக்குள் பூக்காரி கோகிலவாணிக்குப் பூவை அளக்காமல் தூக்கிப் போட்டாள். லிஃப்டில் ஏறப்போனால் உள்ளே இருந்தவர்கள் இடமில்லை என்றார்கள், இடம் இருந்தது. காங்கேயத்தில் இருந்து அவள் அப்பா போன் பண்ணி, "என்ன கண்ணு பண்ணித் தொலைச்சே?" என்று கேட்டார். பெற்ற தகப்பனே அப்படிக் கேட்டதும் அவள் எழுந்து போய்ப் பெட்டியை எடுத்துத் துணி அடுக்க ஆரம்பித்தாள்.

மயிலாத்தாள் கட்டில் ஓரத்தில் போய் உட்கார்ந்தாள். "அம்மிணி, போகாத சாமி. எல்லாம் நான் பண்ணுன கூத்து."

கோகிலவாணி துணி மடிப்பதை நிறுத்தவில்லை. "எங்க சின்னம்மா ஒருத்தி கெணத்துல விழுந்துதான் போச்சுங்க அத்தை. அப்ப எனக்கு நெனவு தெரிஞ்ச வயசு. அது மாமியா வீட்டை இன்னைக்கு வரைக்கும் ஊரு அப்படித்தான் பேசுது. நெசம் என்னன்னு யாரும் கேக்குல." கையில் இருந்த துணியைப் பெட்டிமேல் வைத்தாள். முதல் தடவையாய் நிமிர்ந்து பார்த்தாள். "நான் கேக்கறேன். நெசமாலுமே ஆசைக்குத்தானுங்களா?"

"ஆமா கண்ணு."

"அப்படி என்னங்க அத்தை இருக்குது அதுக்குள்ள?"

காலையில் இருந்து எத்தனையோ பேர் எத்தனையோ சொன்னார்கள். இப்படி ஒருத்தரும் கேட்கவில்லை. மயிலாத்தாள் வாயைத் திறந்தாள், மூடினாள், கையை அகலமாய் விரித்தாள், அதுவும் போதவில்லை. "சொல்லத் தெரியல அம்மிணி" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை வெல்டிங்காரர் கம்பிச் சட்டங்களை வேனில் கொண்டுவந்து இறக்கினார். வேடிக்கை பார்க்க எல்லாரும் ஷெட்டில் கூடினார்கள். கோகிலவாணியை பஸ் ஸ்டாண்டில் விட ஆட்டோவும் வந்து கேட்டில் நின்றது. அப்போது மயிலாத்தாள் கையில் ஒரு பிளாஸ்டிக் கூடையோடு இறங்கி வந்தாள். வந்தவள் கரையில் நின்று கூடையில் இருந்ததை ஒவ்வொன்றாய் எடுத்து வைத்தாள்: துண்டு, மஞ்சள் தூள், சீயக்காய், தலை வாரச் சீப்பு, மாற்றுச் சேலை, அதற்கு மேட்சாய் ஜாக்கெட்.

"எல்லாரும் நல்லாப் பார்த்துக்கங்க" என்றாள். சாமி கும்பிடும்போதுகூட அவள் அவ்வளவு சத்தமாய்ப் பேசியதில்லை. "சாகப் போறவ யாராச்சும் மாத்துச் சேலை எடுத்துட்டு வருவாளா?"

"அதுவும் மேட்சிங் ஜாக்கெட்டோட!" என்றாள் பல்கீஸ், சிரிப்பை அடக்க முடியாமல்.

"தங்கச்சி, வேண்டாமுங்க, எனக்கு பிரஷர் இருக்குதுங்க" என்றார் ஆறுச்சாமி.

மயிலாத்தாள் கல்லுக்குப் போனாள். கன்னிமாரிடம் இடம் கேட்டாள். முட்டியை மடக்கினாள். விழுந்த வேகத்தில் வெல்டிங்காரர் தலை வரைக்கும் நனைந்தது. நிமிஷத்தில் மேலே வந்து, தலையை உதறி, தண்ணீர் மேலேயே சம்மணம் கூட்டி உட்கார்ந்தாற்போல மிதந்து, இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு, "ஏனுங்க ஆறுச்சாமியண்ணா, பிரஷருக்கு மாத்திரை போட்டீங்களா?" என்று கேட்டாள். பிள்ளைகள் கைதட்டின. பெரியவர்கள் கொஞ்சம் யோசித்துவிட்டுக் கைதட்டினார்கள்.

"எல்லாம் மருமகளுக்காகத்தான்" என்றாள் அன்னக்கொடி. "குடும்ப மானத்தைக் காப்பாத்த அது என்ன பாடுபடுது பாருங்க."

கைதட்டல் தேய்ந்தது. அப்படியும் இருக்குமோ என்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். தண்ணீரில் இருந்த மயிலாத்தாளுக்குச் சம்மணம் கலைந்துவிட்டது. இதற்கு மேல் என்ன செய்து காட்டுவது, எந்தச் சாமியைச் சாட்சிக்குக் கூப்பிடுவது என்று தெரியாமல் கையைக் காலை ஆட்டிக்கொண்டு நின்றாள்.

ஆட்டோவில் பெட்டி ஏறிவிட்டது, கோகிலவாணி ஏறவில்லை. அவள் ஷெட்டுக்குள் வந்தாள். கூட்டம் அவளுக்கு வழி விட்டது, அன்பால் அல்ல. செருப்பைக் கழற்றினாள். துப்பட்டாவை இடுப்பில் சுற்றிக் கட்டினாள். சுவரைத் தடவிக்கொண்டு முதல் படியில் இறங்கினாள், கண்ணை மூடினாள், அடுத்த படியில் இறங்கினாள்.

"கோகி, உனக்கு நீச்சல் தெரியாது!" என்று தாமோதரன் கத்தினான்.

"உங்களுக்கு மட்டும் தெரியுமாக்கும்?" என்றாள் அவள், திரும்பிப் பார்க்காமல்.

தண்ணீர் முழங்காலுக்கு வந்த படியில் நின்றாள். "அத்தை, ஆழமுங்களா?"

"ஆழந்தான் கண்ணு. பொய் சொல்ல மாட்டேன்."

"புடிச்சுக்குவீங்களா?"

"நீ கழுத்தைக் கட்டிக்கக் கூடாது, ரெண்டு பேரும் போயிருவோம். அப்படியே சாஞ்சுக்க. கட்டில்ல படுக்கற மாதிரி. மிச்சத்தை அது பார்த்துக்கும்."

"அதுன்னா எதுங்க அத்தை?"

"தண்ணிதான்."

கோகிலவாணி சாய்ந்தாள். மயிலாத்தாள் ஒரு கையால் படியைப் பிடித்துக்கொண்டு, மறு உள்ளங்கையை அவள் முதுகுக்குக் கீழே கொடுத்தாள். முதலில் கட்டை மாதிரி விறைத்துக் கிடந்த உடம்பு, மூச்சு விட விட இளகியது. கால் மேலே வந்தது. பின்னல் அவிழ்ந்து பரவியது. தலை பின்னால் சாய்ந்து, காது இரண்டும் தண்ணீருக்குள் போயிற்று. மேலே அன்னக்கொடி ஏதோ சொன்னாள், பல்கீஸ் அதற்குப் பதில் சொன்னாள், இரண்டு பேருக்கும் சத்தம் ஏறியது, ஆறுச்சாமி சங்கத் தலைவர் என்கிற முறையில் ஏதோ சொன்னார், வெல்டிங்காரர் கம்பியை மாட்டுவதா வேண்டாமா என்று மூன்றாவது தடவையாய்க் கேட்டார். கோகிலவாணி கண்ணைத் திறந்து, ஷெட்டு ஓரத்தில் தெரிந்த துண்டு வானத்தையும், கரை சுற்றிலும் அசைந்துகொண்டிருந்த வாய்களையும் ஒவ்வொன்றாய்ப் பார்த்தாள். அவள் முகத்தில் மெதுவாய் ஓர் ஆச்சரியம் வந்தது.

"அத்தை," என்றாள், தன் குரலே தனக்குக் கேட்காததால் ரொம்பச் சத்தமாய், மூன்று மாடிக்கும் கேட்கிற மாதிரி, "இவங்க பேசறது ஒண்ணுமே கேக்குலீங்க!"